உயரம் மட்டும் பொருந்தவில்லை

நகராட்சி ஒரு பலகை அனுப்பியிருக்கிறது.
பித்தளை, இரண்டடிக்கு ஒன்றரை.
'ஹாலரன்ஸ் ரீஃப் என்ற ஊர் இங்கே இருந்தது.'
இங்கே என்பது எங்கே என்று
அளந்து சொல்வது என் வேலை.

பழைய வரைபடத்தை
இன்றைய சுரங்கக் குழியின் மேல் விரித்துப் பார்த்தேன்.
கிழக்கு சரி. வடக்கு சரி.
உயரம் மட்டும் பொருந்தவில்லை.
ஏழு மதுக்கடைகள், தபால் நிலையம்,
டிரெம்பாத் அம்மாள் எழுத்துச் சொல்லிக்கொடுத்த
கித்தான் கூடாரம்
எல்லாம் குழியின் தரைக்கு
இருநூற்றுப் பத்து மீட்டர் மேலே
வெறுங்காற்றில் நிற்கின்றன.
தபால் நிலையத்துக்குள் நுழைந்து
மறுபக்கம் வெளியே போகிறது
ஒரு கழுகு.

கல்கூர்லியிலிருந்து வடகிழக்கே
நாலு நாள் ஒட்டக நடை.
அந்த மண்ணின் பெண்கள்
பாறைக்குழித் தண்ணீரைக்
கல்பலகையால் மூடி வைத்திருந்தார்கள்,
கங்காரு விழாமல், வெயில் குடிக்காமல்.
நாக்கு வீங்கி வந்து சேர்ந்தான் ஹாலரன்.
மூடியை நகர்த்திக் கொடுத்தார்கள்.
குடித்தான், குதிரைக்கும் காட்டினான்.
எழக் கையூன்றிய வெள்ளைக் கல்லில்
மஞ்சளாய் ஒரு நரம்பு.
மூடியை அவன் திருப்பி வைக்கவில்லை.

வரலாறு அவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் கணக்கு.

ஆறு மாதத்தில் நாலாயிரம் பேர்.
பாறைக்குழி பத்தாம் நாளே வறண்டது.
உப்பேரி நீரைக் காய்ச்சி வடித்து விற்றான் மெக்ஃபீ,
காலன் இரண்டு ஷில்லிங்.
நல்ல தண்ணீர் புதன்கிழமை வரும்,
மூசா பராக்சாயின் ஒட்டகங்கள் மேல்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதை
நாக்கால் அறிந்திருந்த ஊர் அது.

ஒரு புதன் மூசா வரவில்லை.
வழியில் ஒரு சுனையில்
ஒட்டகம் முதலில் குடிப்பதா குதிரையா என்ற தகராறில்
அவரைச் சுட்டுவிட்டிருந்தார்கள்.
ஊர் கிடைத்த தண்ணீரைக் குடித்தது.
பிறகு காய்ச்சல்.
அந்த மாதம் இடுகாட்டில் பதினோரு புது மேடுகள்,
எட்டு மேடுகள் என் கை நீளம்கூட இல்லை.

பதினான்கு வருடத்தில் ரீஃப் தீர்ந்தது.
தகரச் சுவர்களைக் கழற்றினார்கள்.
ஆணிகளைப் பிடுங்கி, தட்டி நிமிர்த்தி,
எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள்.
மதுக்கடைகளில் ஒன்று
இன்னும் எங்கோ தேவாலயமாக இருக்கிறதாம்.

எழுபது வருடம் உப்புச்செடி முளைத்தது.
அப்புறம் நாங்கள் வந்தோம்,
கண்ணுக்குத் தெரியாத தங்கத்துக்காக.
ஒரு மோதிரத்துக்கு
ஒரு லாரி மலை.

இரவுப் பணியில் ரோண்டா தண்ணீர் லாரி ஓட்டுகிறாள்.
தூசி அடங்கச் சாலையை நனைக்க வேண்டும்,
விடிவதற்குள் மூன்று லட்சம் லிட்டர்.
மெக்ஃபீயின் விலையைச் சொன்னேன்.
ரேடியோவில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
'அடுத்த வளைவில் ஈரம் அதிகம், மெதுவா வா' என்றாள்.

இடுகாடு ஒன்றுதான் அதே உயரத்தில் இருக்கிறது,
குழியின் விளிம்பிலிருந்து அறுபது மீட்டர்.
யாரும் மரியாதைக்காக விட்டுவைக்கவில்லை.
அதன் அடியில் தங்கம் இல்லை என்று நினைத்திருந்தார்கள்.

அதனால் பலகையை அங்கேயே நடலாம் என்று எழுதினேன்,
இடுகாட்டு வேலியோரம், வடமேற்கு மூலையில்.
கம்பத்துக்குக் குழியும் தோண்டியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை துளை மாதிரிகளின் முடிவு வந்தது.
வேலிக்கு அடியில்,
டன்னுக்கு ஒன்று புள்ளி எட்டு கிராம்.

மேலாளர் நல்லவர், சத்தமாகப் பேசமாட்டார்.
என் தாளில் ஒரே ஒரு வரியை அடித்து
பென்சிலால் எழுதித் தந்தார்:
'சிமென்ட் வேண்டாம்.
போல்ட் போதும்.'